அழகர் நாளுக்குச் சுங்குடி

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளுக்கு எதை உடுத்துவது என்று பேச்செழுந்தால் என் பதில் ஒன்றுதான்: கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலை. முதல் நாள் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை, இரவெல்லாம் தெருவிலும் ஆற்று மணலிலும் இருப்பு, விடியலில் தங்கக் குதிரையில் அழகர், வெயில் ஏறியதும் ராமராயர் மண்டபத்தில் அவர்மேல் தண்ணீர் பீய்ச்சும் தீர்த்தவாரி. இத்தனைக்கும் ஒரே உடுப்பு. நடுவில் வீட்டுக்குப் போய் மாற்றி வரக் கூட்டம் வழிவிடாது.

திருவிழாவென்றால் பட்டுதான் என்பவர்கள் உண்டு. அன்றைக்குப் பட்டு அழகருக்கு உரியது. என்ன நிறம் உடுத்தி வருகிறார் என்று ஊரே காத்திருக்கும்; பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு. நம் பட்டிலோ, தோப்பறை என்னும் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் ஒரு வீச்சுப் பட்டால் திட்டு விழும். சிந்தெடிக் சீக்கிரம் காயும் என்பது உண்மை. காயும்வரை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வியர்வையையும் குடிக்காது. கஞ்சி போட்ட கைத்தறியின் மிடுக்கு முதல் நெரிசலிலேயே போய்விடும். ஆண்களுக்கு ஒற்றை வேட்டியும் ஈரிழைத் துண்டும் போதும். அதில் சர்ச்சைக்கு இடமில்லை.

முடிச்சுப் பிரித்த புதுச் சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிள்ளியெடுத்து நூல் சுற்றிய ஒவ்வொரு இடமும் சிறு மேடாக எழும்பி நிற்கும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் அப்படி மேடுகள். அதனால் துணி மேனியில் அப்பிக்கொள்ளாது. இடையே காற்று ஓடும். நூல் இறுகிய இடத்தில் வெள்ளை வளையம், அதன் நடுவே முனை குடித்த ஒரு துளிச் சாயம். ஒரு வளையம் கொஞ்சம் நீளும், அடுத்தது சாயும். அந்தக் கோணலுக்காகவே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர் கைவழி வந்த கலை இது. இந்த விழாவைச் சித்திரைக்குக் கொண்டுவந்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்து வளர்ந்தவை.

என் அப்பத்தா அன்றைக்கு அரக்குச் சிவப்பில்தான் கட்டுவாள். அடர்ந்த நிறத்தில் ஈரம் தெரியாது, பானகம் சிந்தினாலும் புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். இரவில் முந்தானையை மணலில் விரித்துப் பேரப்பிள்ளைகளைப் படுக்க வைப்பாள். வெயில் ஏறினால் அதையே நனைத்துப் பிழிந்து தலையில் போட்டுக்கொள்வாள். முந்திமுனையில் சில்லறை முடிந்திருக்கும். அந்த ஒரு சேலையில் குடையும் பாயும் பையும் இருந்தன.

இப்போது சுங்குடி என்று கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும். புள்ளிகள் அளவெடுத்தாற்போல் ஒன்றாக இருக்கும். தடவினால் மொழுமொழுவென்று தட்டை. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தும், விலை மலிந்த அச்சுக்கு எதிரே முடிச்சுக்காரப் பெண்களின் கூலி எடுபடவில்லை. நாள்கணக்கில் குனிந்து முடியும் வேலைக்கு அடுத்த தலைமுறை எப்படி வரும்?

அடுத்த சித்திரைக்கு வாங்கும்போது முடிச்சு பிரிக்காத சேலையாகக் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டில் நீங்களே பிரித்து, உப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் உலர்த்திக் கட்டுங்கள். இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள்.