நந்தன் கதையில் சேரியும் தீயும்

காவிரி நாட்டின் நெல்வளத்தைப் பாடிய புலவர் பலர். அந்நெல்லை விளைவித்த அடிமைக் குடியின் துயரைப் பாடியவர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் அக்குடியின் புண் ஆறுதற்குரிய வழியை நாடியவர் யாவர் என்பதே ஈண்டு எழுப்பப்பெறும் வினா. 'ஆறுதல்' என்னும் சொல் தணிதலைக் குறிக்கும். 'ஆற்றுதல்' என்பதோ தணித்தல், பொறுத்தல், செய்தல் என்னும் முப்பொருளும் தருவது. ஒரு சமூகத்தின் புண்ணைப் பாடும் நூல் இம்மூன்றனுள் எதனை அச்சமூகத்திற்கு அளிக்கின்றது என ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு நந்தனார் கதை தக்கதொரு களமாகும்.

சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் ஒரு தொடரளவில் போற்றிய திருநாளைப்போவாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தார். கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் காட்டும் திறம் வியத்தற்குரியது. சுரைக்கொடி படர்ந்த கூரைகள். இரும்பு வளை அணிந்த கருஞ்சிறுவர். மருத நிழலில் தோலின்மீது உழத்தி உறங்கவைத்த மகவு. மாமரத்தில் தொங்கும் பறைகள். உழைப்பாளரை வைகறையில் எழுப்பும் சேவல். நெற்குற்றும் மகளிரின் பாட்டொலி. இழிவு சுமத்தப்பட்ட குடியிருப்பில் உழைப்பும் தாய்மையும் இசையும் ஒருங்கே நிலவுதலைக் கவிஞர் மறைத்திலர். நந்தனாரும் தம் குலத்தொழிலை விட்டவர் அல்லர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் அவர். தம் கைத்தொழிலே தம் தொண்டு எனக் கொண்டமை அவர் பெருமிதத்திற்குச் சான்று.

ஆயினும் காப்பியப் போக்கில் சேரி பின்தங்கிவிடுகின்றது. தில்லையில் தீயினுள் புக்க தொண்டர் முப்புரிநூல் அணிந்த முனிவராய் வெளிப்படுகின்றார். புண்பட்டது ஒரு குடி. ஆறுதல் பெற்றவர் ஒருவர். அவ்வொருவரும் தம் குடியின் அடையாளத்தை நீத்தே அதனைப் பெறுகின்றார். பத்தி நூலிடம் சமூகத் தீர்வை எதிர்பார்த்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். புறத்தேயிருந்து ஓர் அளவுகோலை நாம் கொணர்ந்திலோம். சேரியைத் தொடக்கத்தில் அத்துணை நுணுக்கமாக நம் கண்முன் நிறுத்தியவர் சேக்கிழாரே. எனவே, இறுதியில் அச்சேரி என்னாயிற்று என்னும் வினா அவர் நூலினின்றே பிறக்கின்றது.

1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இக்கதையைப் பெரிதும் மாற்றியது. சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவர் நந்தனின் ஆண்டையாக இதில் வருகின்றார். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் நந்தனை நாற்பது வேலி நிலத்து வேளாண்மையை முடித்துச் செல்லுமாறு அவர் பணிக்கின்றார். தஞ்சைப் பண்ணைமுறையின் உண்மை முகம் இங்கே வெளிப்பட்டது. குலதெய்வங்களைக் கைவிடும் நந்தனைச் சேரி முதியோர் கடிந்துரைப்பதும் குறிக்கத்தக்கது. சேரிக்குத் தனக்கெனக் குரலும் நம்பிக்கையும் உண்டென்பதை அப்பகுதி காட்டுகின்றது. ஆனால் அவ்வயல் வேலை ஓரிரவில் இறையருளால் முடிந்துவிடுகின்றது. அற்புதம் நந்தனை விடுவித்தது. மறுநாள் வயலில் இறங்க வேண்டியவர் நிலையை அது மாற்றிற்றில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கண வழுக்களைக் கருதிச் சிறப்புப்பாயிரம் அளிக்கக் காலந்தாழ்த்தியதையும், பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகி அளித்ததையும், கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். வழுவும் உருக்கமும் ஆராயப்பட்ட அளவிற்கு அந்த நாற்பது வேலி ஆராயப்படவில்லை.

அதனை ஆராயும் கட்டாயத்தை வரலாறே விளைத்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக நிலவிய பண்ணைகளில் 1940களில் உழவர் இயக்கம் வேரூன்றியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. எனினும், கூலிப் பூசலின் முடிவாக 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழ்த்தஞ்சையைச் சார்ந்த கீழ்வெண்மணியில், ஒரே குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். அவருள் மிகப்பலர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. இதன்பின், தீயைத் தூய்மையின் குறியீடாக மட்டும் காவிரி நாட்டிலக்கியம் கொள்ளுதல் இயலாதாயிற்று.

கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி இம்மாற்றத்தை இருமுறை எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'குருதிப்புனல்' வெண்மணியைப் பொருளாகக் கொண்டது. ஆயின் அந்நாவல் நிலக்கிழாரின் ஆண்மைக் குறையுணர்வில் கொடுமையின் வேரைத் தேடுகின்றது. தில்லியிலிருந்து வந்தவரின் நோக்கிலேயே பெரும்பாலும் நிகழ்கின்றது. எரிந்தவர் அதில் இரக்கத்திற்குரியராய் நிற்கின்றனரேயன்றித் தம் கதையைத் தாமே கூறுபவராய் அமைந்திலர். அவரது 'நந்தன் கதை' நாடகம் இவ்வகையில் மேம்பட்டது. அதில் தில்லைத் தீ, மேற்குலத்தார் வகுத்த சூழ்ச்சியாகின்றது. புண்ணை மறைத்திருந்த பொற்பட்டை அகற்றி, இது புண் எனக் காட்டியது அந்நாடகம். புண்ணைப் புண் எனக் கூறுதல் ஆற்றுதலின் முதற்படி. ஆனால் அஃது முதற்படியே.

அடுத்த படியைச் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) எடுத்து வைக்கின்றது. தஞ்சை வட்டார வழக்கில் அமைந்த இந்நாவல் வெண்மணியை எரிந்த ஓர் இரவாக மட்டும் காணாது, அவ்விரவுக்கு முன் நெடுநாள் நிகழ்ந்த உழைப்பும் ஒற்றுமையும் கூலிப் போராட்டமும் கூடிய வாழ்வாகக் காண்கின்றது. சேக்கிழார் தொடக்கத்தில் காட்டிப் பின் விடுத்த புலைப்பாடி, எட்டு நூற்றாண்டு கழித்துக் கதையின் நடுவே மீண்டும் வந்து நிற்கின்றது.

நந்தன் கதையின் உயிரைத் தில்லைத் தீயில் தேடுதலே நம் திறனாய்வின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆதனூரில் தேடுதலே பொருத்தமென இவ்வாராய்ச்சி காட்டும். மகவைத் துயிற்றிவிட்டு வயலில் இறங்கிய உழத்தியும், நெற்குற்றிக்கொண்டே பாடிய மகளிருமே அக்குடியின் தளராமைக்கு முதற்சான்று. ஒருவரை வானேற்றி ஊரை மறக்கும் நூல் பொறுத்தலைக் கற்பிக்கும். ஊரையே கதைத்தலைவனாக்கும் நூல் செய்தலைக் கற்பிக்கும். ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் வெண்மணி நினைவிடத்தில் மக்கள் கூடுவதும் இப்பொருளில் ஓர் ஆற்றுதலே. மறவாமையே அதன் மருந்து.