சுவைட்சரின் தியாகக் கணக்கு: ஒரு மதிப்பீடு

சுகவாழ்வைத் துறந்து ஊழியத்திற்குச் சென்றோரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் செல்வமும் புகழும், அடுத்து அழைப்பு, அதன்பின் துறவு, முடிவில் மகிமை என்பதே அவற்றின் அமைப்பு. ஆல்பர்ட் சுவைட்சர் 1931-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழியில் வெளியிட்ட தன்வரலாறு இவற்றினின்று பெரிதும் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டையும், அந்நூலும் தவறவிட்ட ஒன்றையும் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1875-இல் அல்சாஸ் நாட்டில் பிறந்த சுவைட்சர் ஓர் ஆயரின் மகன். ஸ்திராஸ்பூர்க்கில் இறையியல் ஆசிரியராகவும், ஆர்கன் இசைக் கலைஞராகவும் சிறந்து விளங்கியவர். 1896-இல், தமது இருபத்தோராம் வயதில், முப்பது வயதுவரை கல்விக்கும் இசைக்கும் வாழ்ந்து, அதன்பின் மனிதருக்கு நேரடியாகப் பணிபுரிவதென்று தீர்மானித்தார். காபோன் நாட்டு அருட்பணியின் தேவையைப் பற்றி 1904-இல் ஓர் இதழில் படித்தார். 1905 அக்டோபரில் தமது முடிவை உற்றாருக்குக் கடிதங்கள் வாயிலாக அறிவித்து, மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1913-இல் லாம்பரேனே சென்றடைந்தார். இயேசுவின் வரலாற்றைக் குறித்த இவருடைய நூலை நம் மாணவர் நன்கறிவர். அதே இறையியல் கருத்துகளால் பாரிஸ் அருட்பணிச் சங்கத்தார் இவரை ஏற்கத் தயங்கினர் என்பதும், மருத்துவராக மட்டுமே வருவதாக இவர் வாக்களிக்க நேர்ந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

இந்நூலின் முதற்சிறப்பு அதன் நிதானமாகும். தரிசனம் கண்டதாகவோ குரல் கேட்டதாகவோ சுவைட்சர் கூறவில்லை. ஊழியத்தை வீரச்செயலாகக் கருதி ஓடிவருவோரை அவர் ஐயத்தோடு நோக்குகிறார். மன அமைதியின்றித் தம்மிடம் வந்த பலரை அவரே தடுத்திருக்கிறார். பெரும்பாலோர் தம் பிழைப்புக்கான தொழிலோடு, பிறர் அறியாத ஒரு சிறு தொண்டைச் சேர்த்துச் செய்வதே தக்கது என்பது அவர் கருத்து. ஊழிய அழைப்பைக் குறித்துப் பிரசங்கிக்கும் நாம் இப்பகுதியை மீண்டும் மீண்டும் படிக்கவேண்டும்.

இரண்டாவது சிறப்பு, தம் தியாகத்தை அவர் பெரிதாக்காமையாகும். ஆர்கன் இசை, கல்லூரிப் போதனை, பொருளாதாரச் சுதந்தரம் ஆகிய மூன்றையும் இழக்கத் துணிந்ததாகவும், ஆபிரகாமைப் போலத் தமக்கும் அம்மூன்றும் திரும்பக் கிடைத்ததாகவும் எழுதுகிறார். பாரிஸ் பாக் சங்கத்தார் ஆர்கன் மிதிகட்டைகள் பொருத்திய ஒரு பியானோவை அளித்தனர். பல்கலைக்கழகங்கள் சொற்பொழிவுக்கு அழைத்தன. நூல்களும் இசை நிகழ்ச்சிகளும் வருவாய் தந்தன. இவ்வாறு உள்ளபடி கணக்குக் காட்டும் நேர்மை அரிது.

ஆயினும் அக்கணக்கு முழுமையானதன்று. அவர் மனைவி ஹெலன் பிரெஸ்லாவ், ஸ்திராஸ்பூர்க்கில் அனாதைக் குழந்தைகளின் நலத்திற்காக உழைத்தவர். ஆப்பிரிக்கப் பணிக்கென்றே செவிலியர் பயிற்சி பெற்றவர். 1912-இல் சுவைட்சரை மணந்து அவருடன் லாம்பரேனே சென்றவர். உலகப்போரில் இருவரும் ஜெர்மானியக் குடிகள் என்பதால் 1917-இல் பிரான்சுக்குக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஹெலனின் உடல்நலம் குன்றியது. 1919-இல் மகள் பிறந்தாள். 1924-இல் சுவைட்சர் மனைவியையும் ஐந்து வயது மகளையும் ஐரோப்பாவில் விட்டுவிட்டு லாம்பரேனே சென்றார், 1927-இல்தான் திரும்பினார். மனைவியின் இத்தியாகத்திற்குச் சுவைட்சர் நன்றி கூறுகிறார் என்பது உண்மையே. ஆனால் அந்நன்றி மிகச் சுருக்கமானது. தாம் இழந்து பெற்ற மூன்றையும் எண்ணிச் சொல்பவர், ஹெலன் இழந்த பணியையும் உடல்நலத்தையும் இல்லறத்தையும் எண்ணவில்லை. அவ்வாண்டுகளில் அவருக்கு எது திரும்பக் கிடைத்தது என்னும் கேள்வியும் நூலில் எழவில்லை.

ஆபிரகாமின் உவமை, சுவைட்சர் கருதியதற்கும் மேலாகப் பொருந்துகிறது. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் சாராளின் பெயரே இல்லை.

இது தனியொருவரின் குறையன்று. அழைப்பைக் குறித்த நமது போதனையின் குறையுமாகும். லூக்கா 18:29 துறக்கப்படுவோரின் வரிசையில் மனைவியையும் சேர்க்கிறது. அவ்வசனத்தைப் பிரசங்கிக்கும் நாம், யாவற்றையும் விட்டதாகச் சொன்ன அதே பேதுரு பிற்காலத்தில் மனைவியோடு பயணம் செய்தார் என்று 1 கொரிந்தியர் 9:5 காட்டுவதை எடுத்துக்கூறுவதில்லை. உயர்ந்த வேலையை விட்டு இறையியல் பயில வருபவரை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். அவருடைய வருவாயை நம்பியிருந்த மனைவியும் பிள்ளைகளும் முதிய பெற்றோரும் அம்முடிவில் பங்குபெற்றனரா என்று வினவுவதில்லை. பிறருடைய பொருளைக் காணிக்கையாகப் படைக்க எவருக்கும் உரிமையில்லை.

சுவைட்சரின் நூலை ஒவ்வொரு இறையியல் மாணவரும் படிக்கவேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். படிக்கும்போது ஹெலனைப் பற்றிய வரிகளைத் தனியே குறித்துக்கொள்ளட்டும். திருமணமானவர்கள் அவ்வரிகளைத் தம் துணைவரோடு சேர்ந்து படிப்பது மிகவும் நலம்.