மம்மி சொன்ன கதைகள்

'சீக்ரெட்ஸ் ஆஃப் செக்ஸ்' என்ற பிரிட்டிஷ் படம் 1970இல் வெளிவந்தது. இயக்கியவர் ஆண்டனி பால்ச். எழுத்தாளர் வில்லியம் பரோஸுடன் சேர்ந்து 'டவர்ஸ் ஓபன் ஃபயர்', 'தி கட்-அப்ஸ்' போன்ற சோதனைக் குறும்படங்களை எடுத்தவர். கொச்சையும் கோரமும் நையாண்டியும் கலந்த குட்டிக் கதைகளை ஒரே சரட்டில் கோத்த படம் இது. தணிக்கையின் கத்தரிக்கும் தப்பவில்லை.

ஒரு மாணவி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், எனக்குச் சில இடங்களில் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா?" அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கானது.

படத்தின் கதைசொல்லி ஒரு மம்மி. மனைவி பெட்டிக்குள் காதலனை ஒளித்திருக்கிறாள் என்று சந்தேகப்படும் நீதிபதி, பெட்டியைத் திறக்காமலேயே புதைக்கச் செய்கிறான். உள்ளே இருந்தவன்தான் இந்த மம்மி. ஆயிரம் ஆண்டுகள் கழித்து எழுந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஓயாத போரைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவனைப் புதைத்தது ஓர் ஆணின் அதிகாரம். ஆனால் அவன் சொல்லும் கதைகளில் அச்சுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

சித்திரவதைக் கருவிகளைப் பற்றிய புத்தகத்துக்காகப் படமெடுக்கும் பெண், தன் ஆண் மாடலையே அந்தக் கருவிக்குப் பலி கொடுக்கிறாள். மகன் வேண்டுமென்று ஏங்கும் முதியவருக்குப் பெண் விஞ்ஞானி பெற்றுத் தருவது கோர உருவக் குழந்தை. கண்ணாடிக் குடிலில் செடி வளர்க்கும் மூதாட்டி, தன் காதலர்களின் ஆன்மாக்களை அந்தச் செடிகளில் சிறைவைத்திருக்கிறாள். கேமரா, அறிவியல், வேட்கை மூன்றுமே பெண்ணின் கைக்கு வந்ததும் ஆயுதமாகிவிடுகின்றன. பெண்ணுக்கு அதிகாரம் கொடுப்பதுபோல் தோன்றினாலும், இவை ஆணின் பயம் கண்ட கனவுகள்தாம். பயமுறுத்தாத பெண்ணுக்கு வேறொரு வேலை உண்டு: 'மேஃபேர்' என்ற ஆண்கள் இதழிலிருந்து வந்த உளவாளி லிண்டி லீ, துப்பறிவதைவிட உடை களைவதற்கே அழைக்கப்பட்டவள்.

ஒரு விஷயத்தில் பால்ச் தன் காலத்துக் கொச்சை நகைச்சுவைப் படங்களிலிருந்து விலகுகிறார். ஆணுடலையும் பெண்ணுடலைப் போலவே பார்வைக்கு வைக்கிறார். தொடக்கத்திலேயே பெண்ணையும் ஆணையும் காட்டி, இவரோடு கூடுவதாகக் கற்பனை செய்துபாருங்கள் என்று பார்வையாளரை அழைக்கிறது குரல். திரைக்கு முன் அமர்ந்திருப்பவன் ஆண், அவன் விரும்புவது பெண் என்ற உறுதி ஒரு கணம் ஆட்டம் காண்கிறது. அது சிறிய விடுதலைதான், ஆனாலும் விடுதலை. சமமாகக் காட்டுவது சமமாகப் பேசவைப்பது ஆகாது என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடுகிறது.

தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் எள்ளல் ஒன்று. உரையாசிரியர் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று. இந்த இரண்டாவது நகைதான் என்னை உறுத்துவது. வகுப்பிலும் அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் பெண்கள் சிரித்துத் தொலைக்கிற சிரிப்பு அது. சிரிக்காவிட்டால் 'நகைச்சுவை உணர்வு இல்லாதவள்' என்ற பட்டம் காத்திருக்கும்.

இந்தப் படம் வந்த அதே 1970இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உலக அழகிப் போட்டி நடந்தது. மேடையில் பாப் ஹோப் ஜோக் அடித்துக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து மாவுப் பொட்டலங்களை வீசினார்கள். பாப் ஹோப் மேடையை விட்டு ஓடினார். அந்தப் பெண்களில் ஒருவர் லாரா மல்வி. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1975இல், திரைப்படத்தின் ஆண் பார்வை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டவர் அவரே. எதிர்பார்க்கப்பட்ட சிரிப்பைத் தர மறுத்த இடத்திலிருந்து ஒரு கோட்பாடு பிறக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அப்படியானால் படத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஆபாசம் என்று வெட்டிய தணிக்கையாளர் பெண்ணுக்காக வெட்டவில்லை, ஒழுக்கத்துக்காக வெட்டினார். அவர் பக்கம் நின்று நாம் பேச வேண்டியதில்லை. மேலும், பாலியல் தொழிலாளியிடம் வரும் இளைஞன், தன் செல்லப் பல்லியினப் பிராணியையும் படுக்கையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கதையில் நானும் சிரித்தேன். அங்கே அசட்டுத்தனம் முழுக்க ஆணின் ஆசையில் இருக்கிறது. அவள் வேலைக்கு வந்தவள். இப்படியும் ஒரு வாடிக்கையாளனா என்று எதிர்கொள்ள வேண்டியவள். அவள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், மம்மி சொல்லும் மகத்தான போர் வெறும் பிதற்றலாகிவிடுகிறது.

ஆகவே என் மாணவிக்குச் சொல்வேன்: சிரி. ஆனால் சிரித்து முடித்ததும், எள்ளியவளாகச் சிரித்தாயா, எள்ளப்பட்டவளாகச் சிரித்தாயா என்று உன்னையே கேட்டுக்கொள். இரண்டாவது என்றால், அடுத்த முறை சிரிக்காமல் இருந்து பார். அரங்கில் யார் அமைதி இழக்கிறார்கள் என்பது தெரியும்.