அச்சம் பிறக்கும் இடம்

ஜெஞ்சாரோம் மாணவர் சிலர் கைப்பேசியிலேயே எடுத்த மர்மப்படத் தொடக்கம் ஒன்றைக் கண்டேன். முகமூடி உண்டு, கத்தி உண்டு, ஓயாத இசையும் உண்டு. அச்சம் ஒன்றுதான் இல்லை. "பணம் போதவில்லை, ஐயா" என்றனர். குறை பணத்தில் அன்று.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) எவ்வாறு தொடங்குகிறது? ஒரு வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் மாள்கிறான். சுட்டவர் யாரென இயக்குநர் காட்டவில்லை. படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. ஆயினும், 1943 அக்டோபரில் ஜப்பானியர் குண்டு வீசியபோது சென்னை மக்கள் மெய்யாகவே அஞ்சினர். அவ்வச்சத்தின்மேல் கதை நிற்பதால் ஒரு வெடியொலியே போதியதாயிற்று.

ஜெஞ்சாரோமுக்கும் அத்தகைய இரவுகள் உண்டு. சீனா நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்தபின், 2018இல் உரிமம் பெறாத ஆலைகள் இங்கே முளைத்தன. இரவில் கழிவெரித்த நெடியால் ஊரார் மூச்சுத் திணறினர்.

உறங்கும் குழந்தை இருமுகிறது. தாய் சன்னலைச் சாத்துகிறாள். செம்பனைகளுக்கிடையே ஒரு லாரியின் விளக்கு அணைகிறது. எரிப்பவர் யார்? இதனை எடுக்கப் பொருட்செலவு ஏது? கத்தியை இரவல் வாங்கலாம். அச்சத்தை இரவல் வாங்கலாகாது. அது சொந்த ஊரிலேயே பிறத்தல் வேண்டும்.