நூற்பட்டியலில் தொகை, வகை, விரி

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர்ச் சேக்கிழாரின் பெரியபுராணத்தை இணைய நூற்பட்டியலில் தேடும் மாணவர், அதன் மூலங்களையும் உடன் காணல் வேண்டும் என்பது எம் கருத்து. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை தொகை. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி வகை. சேக்கிழார் நூல் விரி. திருமுறை வைப்பிலோ இவை 7, 11, 12 எனப் பிரிந்து நிற்கின்றன. அரங்கநாதனார் வகுத்த கோலன் பகுப்புமுறை, பெருநூலையும் அதன் உரைகளையும் ஓரிடத்தே நிறுத்தும். ஆயின், புலவர் மூவரின் தனிநூல்களைப் பிணைத்தல் அடுக்குமுறையால் இயலாது, பட்டியலாலேயே இயலும். பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பின் 1998ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு இடந்தந்துள்ளது. எனினும், 'தொடர்புடையது' என்னும் பொதுச்சொல் அமையாது. எது முதல், எது வழி என்பதையும் குறித்தல் வேண்டும். அன்றேல், மூன்று படியாக வளர்ந்த ஒரு மரபு, தொடர்பற்ற மூன்று பெயர்களாகவே எஞ்சும்.