பெஞ்சமினின் மௌனம்: ‘விலங்குப் பண்ணை’யை அமிர்தகழியில் வாசித்தல்

ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை இதுவரை மூன்று தடவைகள் வாசித்திருக்கிறேன். மூன்றும் அமிர்தகழியில்தான். முதல் வாசிப்பு 1984இல். எங்கள் ஊர்ப் பையன்கள் இரவு நேரங்களில் அரசியல் வகுப்புகளுக்குப் போய்வந்த காலம் அது. வகுப்பெடுத்த தோழர் ஒருவர், ‘அது ஏகாதிபத்தியத்தின் புத்தகம், வாசிக்க வேண்டாம்’ என்று சொன்னதனாலேயே தேடிப்பிடித்து வாசித்தேன். அப்போது எனக்கு நெப்போலியன் என்ற பன்றி மட்டுமே தெரிந்தது. இரண்டாவது வாசிப்பு 1996இல். உழைத்து உழைத்து விழுந்து, கடைசியில் இறைச்சிக்கு விற்கப்படும் பொக்ஸர் என்ற குதிரைக்காக அப்போது கண்கலங்கினேன். மூன்றாவது வாசிப்பு அண்மையில், பேரனுக்காக. வாசித்து முடித்தபோது அவன் கேட்டான்: “அம்மப்பா, அந்தக் கழுதைக்கு வாசிக்கத் தெரியும்தானே? பிறகேன் அது முந்தியே செல்லல்ல?”

நான் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதப்படும் பதில்தான்.

ஓர்வெல் இந்நாவலை 1943 நவம்பருக்கும் 1944 பெப்ரவரிக்கும் இடையில் எழுதினார். அப்போது சோவியத் ஒன்றியம் பிரித்தானியாவின் யுத்தகால நட்பு நாடு. ஸ்டாலினைச் சாடும் நூலை வெளியிடப் பல பதிப்பாளர்கள் மறுத்தனர். மறுத்தவர்களுள் ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் கவிஞர் ரி.எஸ். எலியட்டும் ஒருவர். ஈற்றில் 1945 ஓகஸ்ட் 17இல், யுத்தம் முடிவுற்ற நாட்களில், நூல் வெளிவந்தது.

இதன் உருவகத் திறவுகோல் யாவரும் அறிந்ததே. புரட்சிக் கனவைச் சொல்லிவிட்டு இறக்கும் மூத்த பன்றி மார்க்ஸையும் லெனினையும் நினைவூட்டுகிறது. விரட்டப்படும் ஸ்னோபோல் ட்ரொட்ஸ்கி, நெப்போலியன் ஸ்டாலின், நாய்கள் இரகசியப் பொலிஸ், பொய்யை மெய்யாக்கும் ஸ்குவீலர் பிரசார இயந்திரம். பன்றிகளும் மனிதர்களும் ஒன்றாக அமர்ந்து சீட்டாடும் இறுதிக் காட்சி 1943இன் தெஹ்ரான் மாநாட்டைக் குறிக்கிறது. பாடசாலை உரைநூல்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. இப்படிப் பொருத்திப் பார்த்தவுடன் நாவல் முடிந்துவிடுகிறது என்றால், சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பின்னர் அதை வாசிக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஓர்வெல் சோசலிசத்தை எதிர்த்து இதை எழுதினார் என்பது நம்மிடையே வேரூன்றிய தவறு. அவர் ஸ்பெயினுக்குப் போய் பிராங்கோவின் பாசிசத்துக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர். 1937இல் கழுத்தில் குண்டடி பட்டவர். அதே ஆண்டில், அதே அணியில் நின்ற ஸ்டாலினிஸ்டுகள் அவர் சேர்ந்திருந்த ‘பூம்’ கட்சியினரைத் துரோகிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடியபோது, மனைவியுடன் எல்லை கடந்து தப்பியவர். எதிரியின் குண்டுக்குத் தப்பியவன் தோழனின் பட்டியலுக்குத் தப்பியோடிய அனுபவம் அது. 1986 ஏப்ரல், மே மாதங்களில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்ததையும், அவ்வாண்டு இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எவ். மீது பாய்ந்ததையும் கண்ட நமக்கு, அதை விளங்கிக்கொள்ள அடிக்குறிப்பு தேவையில்லை.

மறுபுறத்தில், வலதுசாரிகளும் இந்நாவலை நேர்மையாகக் கையாளவில்லை. 1954இல் வெளிவந்த கார்ட்டூன் திரைப்படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனம் இரகசியமாகப் பணம் கொடுத்தது. அதில் முடிவே மாற்றப்பட்டது. நாவலில் விலங்குகள் ஜன்னலூடாகப் பார்த்துத் திகைத்து நிற்பதோடு கதை முடிகிறது. படத்திலோ அவை பன்றிகளுக்கு எதிராக எழுகின்றன. சுவரிலுள்ள வசனங்களை இரவோடிரவாக மாற்றும் பன்றிகளைப் பற்றிய கதையின் முடிவையே ஒருவர் மாற்றி எழுதினார் என்பதைவிடப் பெரிய எள்ளல் வேறென்ன? எங்கள் வகுப்புத் தோழர் சொன்னது முழுப்பொய் அல்ல. ஆனால் அது புத்தகத்தைப் பற்றிய உண்மையும் அல்ல.

நாவலின் திருப்புமுனை எது? நாய்கள் ஸ்னோபோலை விரட்டும் காட்சி என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஓர்வெல் தனது கடிதமொன்றில் வேறொன்றைச் சுட்டுகிறார். புரட்சி நடந்த சில நாட்களிலேயே பாலும் அப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படுகின்றன. ஏனைய விலங்குகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. அந்த இடந்தான் திருப்புமுனை என்கிறார். 1921இல் குரொன்ஸ்டாட் மாலுமிகளின் கிளர்ச்சி நசுக்கப்பட்டதை அவர் மனதிற் கொண்டிருந்தார். ஆக, அவருடைய விசனம் தலைவர்கள் கெட்டுப்போவது பற்றியது மட்டுமல்ல. கெட்டுப்போகும் முதற்கணத்தில் மற்றவர்கள் வாய்மூடி இருப்பதைப் பற்றியது.

இங்கிருந்துதான் நாவல் மட்டக்களப்புக்கு வருகிறது.

பண்ணைச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதப்படுகின்றன. பின்னர் ஒவ்வொன்றிலும் ஓரிரு சொற்கள் சேர்கின்றன. கட்டளை அழிக்கப்படுவதில்லை, அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று விலங்குகள் நம்பவைக்கப்படுகின்றன. நமது சுவரிலும் ஒரு வசனம் இருந்தது: ‘தமிழ் பேசும் மக்கள்’. 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி அச்சொல்லைப் பரவலாக்கியது. 1956 தேர்தலில் கிழக்கில் அக்கட்சியின் சார்பில் முஸ்லிம்களும் வென்று பாராளுமன்றம் சென்றனர். எண்பதுகளில் இயக்கங்கள் தோன்றியபோது அச்சொல்லும் கூடவே போனது. முஸ்லிம் இளைஞர்கள் பலர் அந்தச் சொல்லை நம்பி இயக்கங்களில் இணைந்தார்கள். 1985இல் திம்புவில் முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளில் ‘தமிழர்’ ஒரு தனித்துவமான தேசிய இனம் என்று மட்டுமே இருந்தது. ‘பேசும்’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது. அது விழுந்த சத்தம் எத்தனை பேருக்குக் கேட்டது?

எனக்குக் கேட்டது. நான் ஆசிரியன், எழுத்தெண்ணி வாசிப்பது என் தொழில். எங்கள் வீட்டு மதிலிலும் துண்டுப்பிரசுரங்கள் ஒட்டுவார்கள். பழையதில் இருந்த சொல் புதியதில் இல்லாததைக் கண்டேன். என்னோடு படிப்பித்த ஏறாவூர் நண்பரும் அதைக் கண்டிருக்க வேண்டும். இருவரும் அதுபற்றிப் பேசவேயில்லை.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். இறந்தோர் நூற்றுக்கும் மேல். ஓகஸ்ட் 12ஆம் திகதி அதிகாலை ஏறாவூரிலும் அவ்வாறே நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். சுவரில் ஒரு சொல் குறைந்தபோது பேசாதிருந்தவனுக்கு, ஐந்தாண்டுகளின் பின் பேசுவதற்கு என்ன அருகதை இருந்தது? நண்பரின் உறவுகளும் அந்த இரவில் போயின. நான் ஒரு கடிதங்கூட எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்கும் நாவலிலேயே விடை உண்டு. விலங்குகள் சற்று முணுமுணுத்தாற்கூட ஸ்குவீலர் ஒரு கேள்வியைத்தான் கேட்பான்: பழைய எசமான் ஜோன்ஸ் திரும்பி வருவதை விரும்புகிறீர்களா? அத்துடன் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். இந்த உத்தியைப் பலரும் பிரசாரத் தந்திரம் என்று மட்டும் விளக்குவார்கள். நான் அவ்வாறு விளக்கமாட்டேன். 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி, எங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து தமிழர்கள் இராணுவ முகாமுக்குக் கூட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 180க்கும் மேற்பட்டோர், பெண்கள், சிறுவர்கள், வயோதிபர்கள். எங்களுக்கு ஜோன்ஸ் வெறும் பூச்சாண்டி அல்ல. அவன் பண்ணையை விட்டுப் போனதேயில்லை. ஸ்குவீலரின் கேள்வி வலுப்பெறுவது அது பொய்யென்பதால் அல்ல, பாதி உண்மையென்பதால். இந்த இடத்தில் ஓர்வெலின் உருவகம் எங்கள் அனுபவத்துக்குப் போதாமற் போகிறது என்றே சொல்வேன். அவருடைய விலங்குகள் ஒரே ஒரு கொடுமையைப் பார்த்தால் போதும். நாங்கள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பார்த்ததற்காக மற்றதைக் காணாமலிருக்கப் பழகிக்கொண்டோம். தமிழனும் அப்படிப் பழகினான், முஸ்லிமும் பழகினான்.

நாவலில் இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். உருவகத்தில் ஒவ்வொரு இனமும் ஒரு குணத்துக்கு அடையாளமாகிவிடுகிறது. பன்றி பிறவியிலேயே தந்திரம். செம்மறி பிறவியிலேயே மந்தை. வர்க்கத்தைப் பற்றிப் பேச வந்த கதை, பிறப்பைப் பற்றிய கதையாக மாறும் ஆபத்து இதில் உண்டு. பன்றியை ஏற்கெனவே அருவருக்கும் நம் சமூகங்களில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். குற்றமெல்லாம் பன்றியுடையது என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். மட்டக்களப்பில் இந்நாவலை வாசிப்பவர், பன்றி என்றால் ‘அவங்கட ஆக்கள்’ என்று வாசிக்கத் தொடங்கினால், நாவல் எழுதப்பட்ட நோக்கமே தோற்றுவிடும். நமக்குச் சொந்தமாக ஓர் உருவகம் உண்டு: ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’. மேடைகளில் தமிழ் முஸ்லிம் உறவை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அழகான உருவகங்கள் கேள்வி கேட்பதைத் தடுத்துவிடுகின்றன. பிட்டை அவித்தவர் யார், அதைப் பங்கிட்டவர் யார், பாலும் அப்பிளும் யாருக்குப் போயின என்ற கேள்விகள் அந்த உவமைக்குள் இல்லை.

இனிப் பேரனின் கேள்விக்கு வருகிறேன். பெஞ்சமின் என்ற கழுதை பண்ணையிலேயே வயது கூடியது. பன்றிகளுக்கு நிகராக வாசிக்கக்கூடியது. ஆனால் வாசிக்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்று வாளாவிருக்கிறது. கட்டளைகள் மாறும்போதெல்லாம் மற்றவை எழுத்துக்கூட்டித் தடுமாற, இது தலையிடுவதில்லை. தன் உயிர்த்தோழன் பொக்ஸரை வண்டியில் ஏற்றும்போதுதான் முதற்தடவையாக ஓடிவந்து, வண்டியில் உள்ள எழுத்துக்களை உரக்க வாசிக்கிறது: இது குதிரை அறுப்பவனின் வண்டி என்று. அதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. விமர்சகர்கள் பலர் பெஞ்சமினை ஞானி என்பார்கள். ஓர்வெலே அதுதான் என்போரும் உளர். நான் உடன்படவில்லை. ஓர்வெல் பெஞ்சமினாக இருந்திருந்தால் இந்நாவல் எழுதப்பட்டிருக்காது. வெளியிட மாட்டோம் என்று கதவுகள் சாத்தப்பட்டபோதும், உரிய நேரத்தில் உரக்க வாசித்தவர் அவர்.

நம்மிடையேயும் அப்படி வாசித்தவர்கள் இருந்தார்கள். புளொட் இயக்கத்தின் உட்கொலைகளைக் கண்டு வெளியேறிய கோவிந்தன் 1985இலேயே ‘புதியதோர் உலகம்’ நாவலை எழுதினார். பின்னர் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்ட அவர் திரும்பி வரவில்லை. ‘முறிந்த பனை’ நூலை எழுதியோருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பேசியிருந்தால் எனக்கும் அதுதான் நேர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1984இல், 1985இல், சொல் விழுந்தபோது கேட்டிருந்தால் அவ்வளவு விலை இருந்திருக்காது. பால் வாளி காணாமற்போன அன்று கேட்பது மலிவு. வண்டி வந்த பிறகு கேட்பதற்குத்தான் உயிரைக் கொடுக்க வேண்டும்.

2003இல், போர்நிறுத்த காலத்தில், நண்பரைப் பதின்மூன்று வருடங்களின் பின் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கண்டேன். “சுகமா மாஸ்டர்?” என்றார். நானும் சுகம் கேட்டேன். மாமாங்கத் தீர்த்தத்துக்கு இம்முறை சனம் எப்படி என்று விசாரித்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இரண்டு கழுதைகளும் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப்போனோம்.

யுத்தம் 2009இல் முடிந்தது. சுவர்கள் இன்னும் இருக்கின்றன. புதிய வசனங்களும் வந்துகொண்டிருக்கின்றன, எல்லாப் பக்கத்திலும். பேரனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மகன், கழுதைக்குப் பயம் இருந்தது. பயம் குற்றமல்ல. ஆனால் தனக்குப் பயம் என்பதை அது அறிவு என்று சொல்லிக்கொண்டது. அதுதான் பிழை.