மூலைக்கு மூலை

தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத் தோட்டங்களுக்குப் போகும் வாய்க்கால் கரைப் பாதைகள் குறுகலானவை. நீளமான பிக்கப் அங்கே லேசில் திரும்பாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் குறைந்தால், அதே ஸ்டீயரிங் ஒடிப்பில் வண்டி சின்ன வட்டத்தில் திரும்பிவிடும். அதற்காகப் பழைய பிக்கப்பின் சேஸிஸை வெட்டிக் குறுக்கும் கைவேலைமீது எனக்குத் தீராத மதிப்பு உண்டு.

பாதி வேலை அறுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி, வெட்டுக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ரசமட்டம் வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடிக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சேஸிஸ் கோணவில்லை என்று பொருள்.

வெட்டு நேர்க்குத்தாக விழக் கூடாது. சாய்வாகப் போனால் வெல்டிங்கின் நீளம் கூடும். பளு ஒரே கோட்டில் இறங்காது. சேஸிஸின் ‘சி’ வடிவச் சேனலின் உள்பக்கம் ஒட்டுத் தகடு வைத்தால் இணைப்பு உறுதிப்படும். புரோப்பல்லர் ஷாஃப்ட்டையும் அதே அளவு குறைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேகமெடுத்ததும் வண்டி முழுவதும் அதிரும். பிரேக் பைப்பும் கைபிரேக் கேபிளும் புது நீளத்துக்கு மாற வேண்டும்.

இது தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கான வேலை. சாலைக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் 52ஆம் பிரிவு உண்டு. தயாரிப்பாளரின் அளவுக்கு மாறான மாற்றம் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்தக் கட்டுப்பாடு சரியானதே.

வெல்டிங் பொறியைப் பார்த்து வியக்கிறோம். அதற்கு முன்னால் டேப்போடு குனிந்து நிற்கும் பொறுமையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.